தூணுக்குப் பின்னால் ஒரு சீட்

சனிக்கிழமை மத்தியானம் எங்கள் தெருவில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. லிவர்பூல் வந்த புதிதில் கால்பந்து பற்றி எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான்.

நான் திருச்சிக்காரி. நர்ஸ். 2009-ல் கணவரோடும் கைக்குழந்தையோடும் இங்கே வந்தேன். குறைந்த வாடகைக்குக் கிடைத்தது என்று வால்டன் பகுதியில் ஒரு வீடு பிடித்தோம். நடந்துபோனால் பத்து நிமிஷத்தில் 'குடிசன் பார்க்' மைதானம். அது எவர்டன் கிளப்பின் வீடு. லிவர்பூல் என்றால் உலகத்துக்குச் சிவப்புச் சட்டை கிளப்தான் தெரியும். ஆனால் எங்கள் பகுதியில் பாதிப் பேர் நீலச் சட்டைக்காரர்கள்.

நைட் டியூட்டி முடித்துவிட்டு வந்து படுத்தால், மேட்ச் நாளில் தூங்க முடியாது. கோல் விழுந்தால் அந்தச் சத்தம் எங்கள் சமையலறை வரை கேட்கும். "இவங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்லையா?" என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன்.

அந்த எண்ணத்தை மாற்றியவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எண்பதைத் தாண்டிவிட்டார். மனைவி இறந்து வெகுகாலம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. என் மகனுக்கு எட்டு வயதானபோது, "பையனை மேட்சுக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா, லவ்?" என்று கேட்டார். இந்த ஊரில் எல்லோரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் தடவை கேட்டபோது திடுக்கிட்டேன். இப்போது அப்படிக் கூப்பிடாவிட்டால்தான் என்ன கோபமோ என்று தோன்றுகிறது.

அன்று போன பையன் திரும்பி வந்தபோது எவர்டன் ரசிகனாக வந்தான். பெரியவரைத் 'தாத்தா' என்று கூப்பிட ஆரம்பித்தான். பிறகு பிறந்த மகளும் அப்படியே. அர்த்தம் என்ன என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர், அன்று முழுக்க முகம் மலர்ந்தபடி இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவர் எங்கள் வீட்டுக்கு வருவார். டீயும் மெதுவடையும் உண்டு. மெதுவடைக்கு அவர் வைத்த பெயர் 'கார டோனட்'. கிளப் புது ஸ்டேடியம் கட்டப்போகிறது என்பது உறுதியானதும், அந்த டீ மேஜை பட்டிமன்ற மேடையாகிவிட்டது.

புது ஸ்டேடியம் என்ற பேச்சு எவர்டனுக்குப் புதிதல்ல. கிங்ஸ் டாக் என்ற இடத்தில் கட்டுவதாகச் சொன்ன திட்டம் 2003-ல் பணமில்லாமல் நின்றது. நகருக்கு வெளியே கிர்க்பி என்ற இடத்தில் கட்டும் திட்டத்தை 2009-ல் அரசாங்கம் நிராகரித்தது. கடைசியாக வந்ததுதான் மெர்சி நதிக்கரையில் உள்ள பிராம்லி மூர் டாக். 2021-ல் அனுமதி கிடைத்து வேலையும் ஆரம்பமானது.

என் மகன் புது ஸ்டேடியம் கட்சி.

"அம்மா, தூணுக்குப் பின்னாடி உட்கார்ந்து மேட்ச் பார்த்திருக்கியா? பந்து இந்தப் பக்கம் போனா தலையை அப்படிச் சாய்க்கணும், அந்தப் பக்கம் போனா இப்படிச் சாய்க்கணும். வீட்டுக்கு வரும்போது கழுத்து வலி" என்பான்.

அவன் சொல்வதில் நியாயம் இருந்தது. குடிசன் பார்க் 1892-ல் திறக்கப்பட்ட மைதானம். அதற்கு முன் எவர்டன் ஆடியது, இப்போது எதிரி கிளப் ஆடுகிற ஆன்ஃபீல்டில்! இட உரிமையாளரோடு வாடகைத் தகராறு. எவர்டன் பெட்டி படுக்கையோடு வெளியேறி பூங்காவுக்கு அந்தப் பக்கம் இடம் பிடிக்க, காலியான மைதானத்துக்கு அவர் ஆரம்பித்த கிளப்தான் லிவர்பூல் எஃப்.சி. வாடகைச் சண்டையில் உருவான பங்காளிப் பகை!

ஆர்ச்சிபால்ட் லீச் என்ற புகழ்பெற்ற பொறியாளர் வடிவமைத்த கேலரிகள் இந்த மைதானத்தில் உண்டு. அந்தக் காலத்தில் மேல்தளத்தைத் தாங்கத் தூண்கள் தேவைப்பட்டன. அவற்றுக்குப் பின்னால் சிக்கியவர்களுக்குப் பாதி மைதானம்தான் தெரியும். சில பகுதிகளில் இன்னும் மர இருக்கைகள். கழிப்பறைக்கு இடைவேளை முழுக்க வரிசை. சுற்றிலும் தெருக்கள், ஒரு மூலையில் செயின்ட் லூக் தேவாலயம். விரிவாக்கவும் வழியில்லை.

என் கணவர் கணக்கு எழுதுகிற உத்தியோகம். அவர் பணத்தின் பக்கமிருந்து பேசுவார். "குடிசன்ல சுமார் 39,000 பேர்தான் உட்காரலாம். புதுசுல 52,000-க்கு மேல. அதிக விலை கொடுத்துச் சாப்பாட்டோட மேட்ச் பாக்கறவங்களுக்குத் தனி அறைகள் வேற. ஆர்சனல் 2006-லயே புது வீட்டுக்குப் போயிட்டாங்க. டாட்டன்ஹாம் 2019-ல போயிட்டாங்க. வருமானம் இல்லாம நல்ல பிளேயரை எப்படி வாங்கறது?"

பெரியவர் வடையைக் கடித்தபடி அமைதியாகக் கேட்பார். பிறகு ஆரம்பிப்பார்.

"1948-ல லிவர்பூலுக்கு எதிரான மேட்சுக்கு 78,299 பேர் வந்தாங்க. அந்தக் கூட்டத்துல எங்க அப்பா இருந்தார். 1966 உலகக் கோப்பையில வட கொரியா 3-0-ன்னு முன்னால போச்சு. போர்ச்சுகலோட யூசேபியோ ஒத்த ஆளா நாலு கோல் போட்டு 5-3-ன்னு திருப்பினார். நான் கோலுக்குப் பின்னாடி நின்னுட்டிருந்தேன். இதையெல்லாம் லாரியில ஏத்திப் புது இடத்துக்குக் கொண்டுபோக முடியுமா?"

பிறகு கடைசி அஸ்திரத்தை எடுப்பார். "அந்த டாக் பக்கம் நான் முப்பது வருஷம் வேலை பார்த்தவன். ஜனவரி மாசம் அங்கே காத்து எப்படி அடிக்கும்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது."

ஒரு நாள் பேச்சு பயிற்சி மைதானத்துக்குத் திரும்பியது. முன்பு எவர்டன் வீரர்கள் பெல்ஃபீல்ட் என்ற இடத்தில் பயிற்சி எடுத்தார்கள். 2007-ல் ஃபிஞ்ச் ஃபார்ம் என்ற பெரிய வளாகத்துக்கு மாறினார்கள். பெல்ஃபீல்டை விட்டுப் போனபோதும் இவர் வருத்தப்பட்டாரா என்று மகன் கேட்டான்.

"இல்லை. அது அவங்க வேலை பாக்கற இடம். அதை எவ்வளவு வேணும்னாலும் நல்லா கட்டட்டும்" என்றார் பெரியவர்.

எனக்கு அது சட்டென்று புரிந்தது. பயிற்சி மைதானம் சமையலறை மாதிரி. மிக்ஸி மாற்றினால் யாரும் அழமாட்டார்கள், சாப்பாடு நன்றாக வந்தால் போதும். ஸ்டேடியம் அப்படியில்லை. அது நாலு தலைமுறை உட்கார்ந்து பேசிய திண்ணை.

இந்த விவாதங்களுக்கு நடுவே கிளப்புக்குப் போதாத காலம். நிதி விதிகளை மீறியதாக 2023 நவம்பரில் 10 புள்ளிகளைப் பறித்தார்கள். மேல்முறையீட்டில் அது ஆறாகக் குறைந்தது. அடுத்த ஏப்ரலில் இன்னும் 2 புள்ளிகள் போயின. ஸ்டேடியத்துக்கு வாங்கிய கடனின் வட்டியை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதும் அந்த வழக்கில் ஒரு சர்ச்சை. கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிடுவோமோ என்று தெருவே பயந்தது.

"சாப்பாட்டுக்கே திண்டாடும்போது எதுக்கு வீடு கட்டணும்?" என்று நான் கேட்டேன். கேட்ட பிறகு எங்கள் அப்பா ஞாபகம் வந்தது. திருச்சியில் கடன் வாங்கி வீடு கட்டியபோது இரண்டு வருஷம் எங்கள் வீட்டில் ரசமும் அப்பளமும்தான். அப்பாவிடம் நாங்கள் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறோம்.

2023 ஆகஸ்ட்டில் புது ஸ்டேடியம் கட்டுமிடத்தில் ஒரு விபத்து. 26 வயதுத் தொழிலாளி ஒருவர் இறந்துபோனார். அவரும் எவர்டன் ரசிகர். அந்த வாரம் எங்கள் மேஜையில் யாரும் விவாதம் செய்யவில்லை. "அந்தப் பையனோட அம்மா இனி அந்த இடத்தை எப்படிப் பாப்பாங்க?" என்று மட்டும் பெரியவர் கேட்டார். யாரிடமும் பதில் இல்லை.

2024-25 சீசன் குடிசன் பார்க்கின் கடைசி சீசன் என்று அறிவித்தார்கள். "நான் புது இடத்துக்கு வரலை. என் ஆட்டம் இங்கேயே முடிஞ்சது" என்று பெரியவர் சொல்லிவிட்டார். மகன் முகம் வாடிவிட்டது. எட்டு வயதிலிருந்து அவரோடு போனவன். "தாத்தா இல்லாம நான் யாரோட போவேன்?" என்று என்னிடம் கோபித்துக்கொண்டான், ஏதோ நான்தான் ஸ்டேடியம் கட்டுகிற மாதிரி.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் மகனுக்குக் காய்ச்சல். "டிக்கெட் வீணாப் போகுது. நீ வாயேன், லவ்" என்றார் பெரியவர். பதினைந்து வருஷமாகச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த மைதானத்துக்குள் முதன்முறையாகக் காலடி வைத்தேன்.

எனக்குக் கிடைத்தது தூணுக்குப் பின்னால் ஒரு சீட். மகன் சொன்னது அத்தனையும் உண்மை. முட்டி முன் சீட்டில் இடித்தது. யார் கோல் அடித்தார்கள் என்பதைப் பக்கத்திலிருந்தவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆனால், முன்பின் தெரியாத ஒரு பாட்டி என் குளிர்ந்த கையைப் பார்த்துவிட்டுத் தன் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். "புதுசா? யாரோட பொண்ணு?" என்று கேட்டார். பெரியவர் யோசிக்காமல் "என்னோட பொண்ணு" என்றார்.

மேட்ச் முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. கூட்டம் கரையட்டும் என்று காத்திருக்கிறார் என்று நினைத்தேன். மைதானத்தின் ஓரக்கோட்டைக் கை நீட்டிக் காட்டினார்.

"என் மனைவி அங்கே இருக்கா."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் விளக்கினார். எவர்டன் ரசிகர்கள் பலர், தங்கள் அஸ்தியை மைதானத்தின் ஓரத்தில் புதைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இறந்திருக்கிறார்கள். கிளப்பும் அதற்கு அனுமதி கொடுத்து வந்தது. 800-க்கும் மேற்பட்டவர்களின் அஸ்தி அங்கே இருக்கிறது. இனி இடமில்லை என்று 2004-ல் நிறுத்திவிட்டார்கள். அவர் மனைவி இறந்தது 1998-ல்.

"கல்யாணமான வருஷத்துலேர்ந்து என் பக்கத்துல உட்கார்ந்தவ. முப்பது வருஷம். இப்பவும் அவ இங்கேதான் இருக்கா. மைதானத்தை இடிச்சு வீடுங்க கட்டப்போறதாச் சொல்றாங்க. அவ எங்கே போவா?"

எங்கள் அப்பாவின் அஸ்தியை அம்மா மண்டபம் படித்துறையில் காவிரியில் கரைத்தோம். ஆறு கொண்டுபோய்விடும், எங்கேயோ கடலில் சேர்ந்துவிடும் என்பதில் எங்களுக்கு ஒரு நிம்மதி. இவருடைய நிம்மதி அந்த ஓரக்கோட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இத்தனை நாள் தூணுக்காகவும் யூசேபியோவுக்காகவும் வாதாடுகிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் படுத்திருந்தான். பிறகு, "புது ஸ்டேடியம் வேணும்தாம்மா. ஆனா, பழசை இடிக்காம இருக்க முடியாதா?" என்றான். வருஷக்கணக்கில் நடந்த விவாதத்தில் அந்தக் கேள்வியை அதுவரை எங்களில் யாருமே கேட்கவில்லை.

2025 பிப்ரவரியில் புது ஸ்டேடியத்தில் முதல் சோதனை மேட்ச் நடந்தது. 18 வயதுக்குட்பட்டோர் அணி ஆட, 10,000 பேரை உள்ளே விட்டார்கள். மகனுக்கு டிக்கெட் கிடைத்தது. வீட்டுக்கு வந்தவன், "எங்கே உட்கார்ந்தாலும் முழு மைதானமும் தெரியுதும்மா" என்று ஆரம்பித்தவன், பெரியவர் இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "சொல்லுடா, காத்து எப்படி?" என்றார் அவர். "நீங்க சொன்னது சரி தாத்தா. காது உறைஞ்சுபோச்சு" என்றான். அவருக்குப் பரம திருப்தி.

மே 13-ம் தேதி. சாயங்காலம் கதவைத் தட்டும் சத்தம். பெரியவர் கையில் போன். "படிச்சியா? இதை நல்லாப் படிச்சுச் சொல்லு. என் கண்ணுதான் தப்பாப் படிக்குதோ?" என்றார்.

தப்பில்லை. குடிசன் பார்க்கை இடிக்கப்போவதில்லை. அடுத்த சீசனிலிருந்து எவர்டன் பெண்கள் அணிக்கு அதுதான் வீடு. அதுவரை அவர்கள் வால்டன் ஹால் பார்க்கில், சுமார் இரண்டாயிரம் பேர் மட்டுமே பார்க்கக்கூடிய சின்ன மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

என் மகள் பள்ளியில் கால்பந்து ஆடுகிறவள். சோபாவில் ஏறிக் குதித்தாள். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். நான் டீ போடப் போவதுபோல் சமையலறைக்குப் போய்விட்டேன்.

மே 18-ம் தேதி ஆண்கள் அணியின் கடைசி மேட்ச். சவுத்தாம்ப்டனை 2-0 என்று வென்றார்கள். இரண்டு கோலும் இலிமான் என்டியாயே அடித்தது. டிக்கெட் இல்லாதவர்களும் தெருவில் வந்து நின்றார்கள். அன்று எங்கள் வாசலில் யார் யாரோ காரை நிறுத்தினார்கள். ஒருவரிடமும் நான் முகம் சுளிக்கவில்லை.

ஆகஸ்ட் 24-ம் தேதி பெயர் சூட்டப்பட்ட புது வீட்டில், ஹில் டிக்கின்சன் ஸ்டேடியத்தில், முதல் லீக் மேட்ச். 1892-ல் குடிசன் பார்க் திறக்கப்பட்டதும் இதே ஆகஸ்ட் 24-ம் தேதிதான்! மனைவியின் இடம் பத்திரமாக இருக்கிறது என்று ஆனபிறகு, "சரி, ஒரே ஒரு தடவை வந்து பாக்கறேன்" என்று பெரியவரும் கிளம்பினார். பிரைட்டனுக்கு எதிராக எவர்டன் 2-0 என ஜெயித்தது.

திரும்பி வந்தவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"டாய்லெட் பிரமாதம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சுவத்துச் செங்கல்ல நம்ம லீச்சோட குறுக்குக் கோடு டிசைனைப் போட்டிருக்காங்க. பழைய டாக் சுவரையும் அப்படியே விட்டிருக்காங்க. நான் தினம் வேலைக்குப் போன வழி அது" என்றார். ஒரே ஒரு தடவை என்றவர், இப்போது மகனோடு ஒரு மேட்சையும் விடுவதில்லை. இரண்டு ஸ்வெட்டர், ஒரு மஃப்ளர். காற்றைத் திட்டிக்கொண்டே போகிறார்.

செப்டம்பரில் குடிசன் பார்க்கில் பெண்கள் லீக் ஆட்டங்கள் ஆரம்பமாயின. மகளையும் பெரியவரையும் கூட்டிக்கொண்டு நானே டிக்கெட் வாங்கிப் போனேன். போகிற வழியில் அவர் மகளுக்கு ஒரு கதை சொன்னார்.

1920, கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள். பிரஸ்டன் ஊர்த் தொழிற்சாலைப் பெண்களின் அணியான டிக் கெர் லேடீஸ், செயின்ட் ஹெலன்ஸ் பெண்கள் அணியோடு இதே குடிசன் பார்க்கில் மோதியது. பார்க்க வந்தவர்கள் 53,000 பேர். உள்ளே இடமில்லாமல் ஆயிரக்கணக்கானோர் வெளியே நின்றார்கள். அடுத்த வருஷமே, கால்பந்து பெண்களுக்கு ஏற்ற ஆட்டமில்லை என்று சொல்லி, லீக் கிளப்களின் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் தடை போட்டது. அந்தத் தடை கிட்டத்தட்ட 50 வருஷம் நீடித்தது.

"அப்போ பொண்ணுங்க திரும்பி வர நூறு வருஷத்துக்கு மேல ஆச்சா தாத்தா?" என்றாள் மகள்.

"அப்பப்போ விருந்தாளி மாதிரி வந்து ஆடியிருக்காங்க. இப்பதான் சாவியே அவங்க கையில" என்றார்.

புது ஸ்டேடியம் வேண்டும் என்று மகன் சொன்னதும் சரி, பழையதை விடமுடியாது என்று பெரியவர் சொன்னதும் சரி. எங்கள் மேஜையில் இரண்டில் ஒன்றுதான் முடியும் என்று நினைத்துப் பல வருஷம் சண்டை போட்டோம். இதுவரை இடம் கிடைக்காதவர்கள் யார் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. அதில் ஒருத்தி எங்கள் வீட்டிலேயே வடை தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே போய் உட்கார்ந்தோம். பெரியவர் ஓரக்கோட்டைப் பார்த்துத் தொப்பியை ஒரு தடவை எடுத்து வைத்துக்கொண்டார். விசில் ஊதினார்கள். இரண்டாவது நிமிஷமே மகள் முனகினாள்.

"தாத்தா, இந்தத் தூண் மறைக்குது!"

அவர் சிரித்தார்.

"தலையைச் சாய்ச்சுப் பழகிக்கோ. உன் பாட்டி முப்பது வருஷம் அப்படித்தான் பார்த்தா."